அலோய்ஸ் ஆல்சைமர்

அலோய்ஸ் ஆல்சைமர் (ஜூன் 14, 1864 - டிசம்பர் 19, 1915) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த உளநோய் மருத்துவரும் நரம்பு நோயியலாளரும் ஆவார். நினைவாற்றலும் சிந்திக்கும் திறனும் படிப்படியாக அழிந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, அதில் காணப்பட்ட இரு வகை மாற்றங்களை 1906 ஆம் ஆண்டு இவர் அறிவித்தார். அந்நோய் பின்னர் இவர் பெயரால் ஆல்சைமர் நோய் என வழங்கலாயிற்று. முதியோரைப் பாதிக்கும் மறதிநோய்களுள் மிகப் பரவலானது இதுவே ஆகும்.

உள்ளத்தின் நோய்கள் எனக் கருதப்பட்டவற்றுள் பல மூளையின் திசுக்களில் தடயம் விட்டுச் செல்கின்றன என்பதே ஆல்சைமரின் வாழ்நாள் நம்பிக்கை. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து அவரது பேச்சைப் பொறுமையாகப் பதிவு செய்ததும், அதே நோயாளியின் மூளையைப் பிற்காலத்தில் ஆராய்ந்ததும் இவரது பணியின் இரு பகுதிகள். எனினும், தாம் கண்டது தனியொரு நோயா, அல்லது முதுமையில் தோன்றும் மறதியின் ஒரு வடிவமா என்ற கேள்விக்கு இவர் உறுதியான விடை கூறவில்லை. அக்கேள்வி இவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே தீர்க்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

ஆல்சைமர் பவேரியாவின் மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எடுவார்ட் ஆல்சைமர் ஆவணப் பதிவு அலுவலர். எடுவார்டின் முதல் மனைவி குழந்தைப்பேற்றை அடுத்து இறந்தபின், அவர் தம் மனைவியின் தங்கையான தெரேசியாவை மணந்தார். இவ்விருவருக்கும் பிறந்த முதல் குழந்தை அலோய்ஸ். பிள்ளைகளின் உயர்பள்ளிக் கல்வியின் பொருட்டு இக்கத்தோலிக்கக் குடும்பம் அஷாஃபன்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆல்சைமர் 1883 இல் அங்கு பள்ளிப்படிப்பை முடித்தார். இயற்கை அறிவியல் பாடங்களில் இவருக்குத் தனி ஆர்வம் இருந்தது.

அதே ஆண்டு பெர்லினில் மருத்துவப் படிப்பைத் தொடங்கிய இவர், பின்னர் வூர்ட்ஸ்பர்க், டூபிங்கன் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் பயின்றார். அக்கால ஜெர்மானிய மாணவர்களிடையே வாள்வீச்சுச் சங்கங்கள் புகழ் பெற்றிருந்தன. வூர்ட்ஸ்பர்கில் அத்தகைய சங்கம் ஒன்றில் சேர்ந்த ஆல்சைமரின் முகத்தில் வாள் வெட்டுத் தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது.

வூர்ட்ஸ்பர்கில் உடற்கூற்றியல் அறிஞர் ஆல்பெர்ட் ஃபான் கோலிக்கரின் ஆய்வுக்கூடத்தில் இவர் நுண்ணோக்கியைக் கையாளப் பழகினார். காதில் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் பற்றிய ஆய்வேட்டிற்காக 1887 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள் மூளையோடு தொடர்பற்றது. ஆயினும் மெல்லிய திசுச் சீவல்களைப் பதப்படுத்தவும், கண்டதைப் பிழையின்றி வரையவும் இப்பயிற்சி இவருக்குக் கற்றுத்தந்தது.

பிராங்க்பர்ட் மருத்துவமனை

1888 டிசம்பரில் ஆல்சைமர் பிராங்க்பர்ட் நகரின் மனநோயாளர் மற்றும் வலிப்பு நோயாளர் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். கோட்டை போன்ற தோற்றமுடைய இக்கட்டடத்தை நகர மக்கள் பைத்தியக்காரர் கோட்டை எனக் கேலியாக அழைத்தனர். ஸ்ட்ரூவெல்பீட்டர் என்னும் புகழ்பெற்ற சிறுவர் நூலை எழுதிய மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் இதன் முந்தைய தலைமை மருத்துவர் ஆவார். ஆல்சைமர் சேர்ந்தபோது எமில் சியோலி தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார்.

சியோலியும் ஆல்சைமரும் நோயாளிகளைக் கட்டிவைக்கும் வழக்கத்தைத் தவிர்க்க முயன்றனர். கிளர்ச்சியுற்ற நோயாளிகளை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நெடுநேரம் அமர வைத்து அமைதிப்படுத்தும் முறை கையாளப்பட்டது. நோயாளிகளுடன் நாள்தோறும் உரையாடுவதும், அவர்களது விடைகளை அப்படியே எழுதிவைப்பதும் ஆல்சைமரின் வழக்கம். இப்பதிவுகள் மருத்துவமனை நிர்வாகத்திற்கான வெறும் குறிப்புகளாக இல்லாமல், பிற்காலத்தில் அறிவியல் சான்றுகளாயின.

1889 இல் பிரான்ஸ் நிசில் இம்மருத்துவமனைக்கு வந்தார். நிசில் தம் மாணவப் பருவத்திலேயே நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் புதிய முறையொன்றைக் கண்டறிந்தவர். மூளைத் திசுவின் மெல்லிய சீவலை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் அதில் ஏறத்தாழ எதுவும் தெரியாது. அணுக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. அனிலின் வகைச் சாயங்கள் நரம்பணுவின் உட்பகுதியில் படிந்து, அணுவின் வடிவத்தையும் அதன் சிதைவையும் தெளிவாகக் காட்டின. ஒவ்வொரு சாயமும் திசுவின் ஒவ்வொரு கூறைக் காட்டக்கூடியது. ஆதலால் ஒரே மூளையைப் பல முறைகளில் ஆராய்வது இன்றியமையாதது என்பதை ஆல்சைமர் நிசிலிடமிருந்து கற்றார்.

இருவரும் பகலில் நோயாளிகளைக் கவனித்தனர். மாலையும் இரவும் நுண்ணோக்கியின் முன் கழிந்தன. இந்நட்பு ஆல்சைமரின் இறுதிக்காலம் வரை நீடித்தது. பெருமூளைப் புறணியின் திசு நோயியல் குறித்து இவ்விருவரும் இணைந்து 1904 முதல் வெளியிட்ட ஆய்வுத்தொகுதிகள் அத்துறையின் அடிப்படை நூல்களாக விளங்கின.

பிராங்க்பர்ட் காலத்தில் ஆல்சைமர் ஆராய்ந்த பொருள்களுள் மூளை இரத்தக் குழாய்த் தடிப்பும் ஒன்று. முதியோரின் மூளைக்குச் செல்லும் குழாய்கள் தடித்துக் குறுகுவதால் மூளைத் திசு ஆங்காங்கே அழிந்து, அறிவுத்திறன் குறைவதை இவர் 1894 முதல் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்பவரும் அதே காலத்தில் இத்துறையில் உழைத்தார். மறதிநோய் என்பது ஒரே காரணத்தால் விளைவதன்று, அதனுள் பல நோய்கள் அடங்கியுள்ளன என்ற கருத்து இவ்வாய்வுகளால் வலுப்பெற்றது.

திருமணம்

1894 இல் ஆல்சைமர் செசிலி கைசன்ஹைமரை மணந்தார். செசிலி செல்வந்தர் ஒருவரின் கைம்பெண். இவர்களுக்கு கெர்ட்ரூட், ஹான்ஸ், மரியா என மூன்று குழந்தைகள் பிறந்தனர். மரியா பிறந்த மறு ஆண்டு, 1901 பெப்ரவரியில், செசிலி காலமானார். ஆல்சைமரின் திருமணமாகாத தங்கை எலிசபெத் வீட்டுப்பொறுப்பையும் குழந்தைகள் வளர்ப்பையும் ஏற்றுக்கொண்டார். மனைவி விட்டுச்சென்ற செல்வத்தால் ஆல்சைமர் ஊதியத்தை எதிர்பாராமல் ஆய்வில் ஈடுபட இயன்றது. மனைவியை இழந்த அதே ஆண்டின் இறுதியில்தான், இவர் பெயரை நிலைபெறச் செய்த நோயாளி மருத்துவமனைக்கு வந்தார்.

அவுகுஸ்டே டெட்டர்

1901 நவம்பர் 25 அன்று, இரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவியான அவுகுஸ்டே டெட்டர் என்னும் 51 வயதுப் பெண் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலில் அவருக்குக் கணவர் மீது காரணமற்ற ஐயம் தோன்றியது. அதைத் தொடர்ந்து நினைவு விரைவாகக் குன்றியது. சமையலில் தவறுகள் நேர்ந்தன. வீட்டுப் பொருள்களை ஒளித்து வைத்துவிட்டு மறந்தார். பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் திகைத்தார். தம்மைக் கொல்ல வருகின்றனர் என அஞ்சி அலறினார்.

மறுநாள் ஆல்சைமர் அவரை முதன்முறையாகப் பரிசோதித்தார். இவர் எழுதிய குறிப்புகள் வினா விடை வடிவில் இன்றும் உள்ளன. பெயரைக் கேட்டபோது அவுகுஸ்டே எனச் சரியாகக் கூறியவர், கணவரின் பெயரைக் கேட்டபோதும் அவுகுஸ்டே என்றே கூறினார். பன்றி இறைச்சியும் பூக்கோசும் உண்டு கொண்டிருந்தவர், உண்பது என்ன என்ற கேள்விக்குப் பசலைக்கீரை என விடையளித்தார். எழுதுகோல், திறவுகோல், சுருட்டு முதலிய பொருள்களைக் காட்டியபோது அவற்றின் பெயர்களைச் சரியாகச் சொன்னார்; சற்று நேரத்தில் காட்டப்பட்டவை எவை என்பதே அவர் நினைவில் இல்லை. தம் பெயரை எழுதச் சொன்னபோது திருமதி என்னும் சொல்லை மட்டும் எழுதி, மீதியை மறந்து நின்றார். தாம் தம்மையே தொலைத்துவிட்டதாக அவர் வருந்தியதையும் ஆல்சைமர் பதிவு செய்தார்.

இத்தகைய மறதி முதியவர்களிடம் காணப்படுவதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். எழுபது, எண்பது வயதில் அறிவு மங்குவது இயல்பென்றே கருதப்பட்டது. ஐம்பது வயதில் அது இவ்வளவு கடுமையாக நிகழ்ந்ததே ஆல்சைமரின் கவனத்தை ஈர்த்தது. நோயாளியின் வயது வழக்கத்திற்கு மாறாக இருந்ததால்தான், வழக்கமானது என ஒதுக்கப்பட்ட மறதியும் ஆய்வுக்குரிய பொருளாயிற்று.

மியூனிக் ஆய்வுக்கூடம்

அக்காலத்தில் ஜெர்மனியின் முன்னணி உளநோய் மருத்துவராக எமில் க்ரேப்பெலின் விளங்கினார். நோய்களை அவற்றின் போக்கையும் முடிவையும் கொண்டு வகைப்படுத்த வேண்டும் என்பது அவரது கொள்கை. நிசில் முன்னரே ஹைடல்பெர்க் சென்று அவருடன் பணியாற்றி வந்தார். ஆல்சைமரும் பிராங்க்பர்ட் பணியை விட்டு ஹைடல்பெர்க் சென்று, 1903 இல் க்ரேப்பெலினுடன் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1904 இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் தகுதிக்கான ஆய்வேட்டை அளித்தார். மேகநோயின் இறுதிக்கட்டத்தில் தோன்றும் மூளைவாதத்தைப் பிற மூளை நோய்களிலிருந்து திசு மாற்றங்களைக் கொண்டு பிரித்தறிவதே அதன் பொருள். அக்கால மனநோய் மருத்துவமனைகளில் இம்மூளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பெருமளவில் இருந்தனர். ஆதலால் இவ்வாய்வு மருத்துவர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

மியூனிக்கின் புதிய உளநோய் மருத்துவமனையில் ஆல்சைமர் உடற்கூற்று ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். தொடக்கத்தில் இப்பணிக்கு இவர் ஊதியம் பெறவில்லை. பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் இங்கு பயில வந்தனர். நுண்ணோக்கிகள் வரிசையாக வைக்கப்பட்ட மேசைகளிடையே ஆல்சைமர் ஒவ்வொரு மாணவரிடமும் நீண்ட நேரம் அமர்ந்து விளக்குவார். அப்போது கையிலிருந்த சுருட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் சென்றுவிடுவதால், நாளின் முடிவில் ஒவ்வொரு நுண்ணோக்கியின் அருகிலும் ஒரு சுருட்டுத்துண்டு கிடக்கும் என மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

மியூனிக் சென்ற பின்னரும் ஆல்சைமர் பிராங்க்பர்டில் இருந்த அவுகுஸ்டே டெட்டரின் நிலை குறித்துத் தொடர்ந்து கேட்டறிந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவரது பேச்சு புரியாததாகிப் பின் நின்றுபோனது. கால்களை மடக்கியபடி படுக்கையிலேயே கிடந்த அவர், படுக்கைப் புண்ணால் இரத்தத்தில் கிருமி கலந்து, 1906 ஏப்ரல் 8 அன்று 55 ஆவது வயதில் இறந்தார். சியோலி அவரது மூளையையும் மருத்துவக் குறிப்புகளையும் மியூனிக்கிற்கு அனுப்பி வைத்தார்.

மூளையில் கண்ட மாற்றங்கள்

டெட்டரின் மூளை முழுவதும் சீராகச் சுருங்கியிருந்தது. ஆல்சைமர் அதன் புறணியிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்துப் பல சாயங்களால் ஆராய்ந்தார். இவற்றுள் மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி சில ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியிருந்த வெள்ளி உப்பு முறை முதன்மையானது. நரம்பணுவினுள் உள்ள நுண்ணிழைகளின் மீது வெள்ளி படிந்து, அவற்றைக் கருநிறத்தில் காட்டும். இம்முறையால் இரு மாற்றங்கள் புலப்பட்டன.

முதலாவது, நரம்பணுக்களின் உள்ளே காணப்பட்ட இழைச் சிக்கல்கள். இயல்பான அணுவில் மெல்லியனவாக இருக்க வேண்டிய இழைகள் தடித்து, ஒன்றோடொன்று பின்னிக் கற்றைகளாகியிருந்தன. பல இடங்களில் அணு முற்றிலும் அழிந்துபோய், அது இருந்த இடத்தைக் காட்டும் அடையாளமாக இழைச் சிக்கல் மட்டுமே எஞ்சியிருந்தது. புறணியின் நரம்பணுக்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு மாறியிருந்ததாக ஆல்சைமர் மதிப்பிட்டார்.

இரண்டாவது, அணுக்களுக்கு வெளியே புறணியெங்கும், குறிப்பாக அதன் மேலடுக்குகளில், சிறுமணிகளைப் போலச் சிதறிக் கிடந்த படிவுகள். இவை சாயமேற்றாமலேயே கண்ணுக்குப் புலப்பட்டன. அவற்றில் ஏதோ ஒரு தனிப்பொருள் படிந்துள்ளது என இவர் கருதினார். அப்பொருள் எது என்பதை அறியும் வேதியியல் வசதி அன்று இல்லை.

இத்தகைய படிவுகளைப் பிறரும் முன்னர்க் கண்டிருந்தனர். பால் ப்ளாக், ஜார்ஜ் மரினெஸ்கோ ஆகியோர் 1892 இல் வலிப்பு நோயால் பாதிக்கப்பட்ட முதியவரின் மூளையில் இவற்றைக் குறிப்பிட்டுள்ளனர். இழைச் சிக்கல்களைக் கண்டறிந்ததும், ஒரே மூளையில் கண்ட இவ்விரு மாற்றங்களையும் ஒரு நோயாளியின் விரிவான வாழ்நாள் குறிப்புகளோடு இணைத்ததும் ஆல்சைமரின் பங்களிப்பாகும்.

டூபிங்கன் உரை

1906 நவம்பர் 3 அன்று டூபிங்கன் நகரில் நடைபெற்ற தென்மேற்கு ஜெர்மானிய உளநோய் மருத்துவர்களின் 37 ஆவது கூட்டத்தில் ஆல்சைமர் இம்முடிவுகளை அறிவித்தார். உரை முடிந்தபின் கேள்வி எதுவும் எழவில்லை. தலைமை தாங்கிய ஆல்ஃப்ரெட் ஹோக்கே அடுத்த உரைக்கு அழைப்பு விடுத்தார். இவ்வுரையின் சுருக்கம் பெருமூளைப் புறணியின் தனித்தன்மை வாய்ந்த ஒரு நோய் குறித்து என்னும் பொருள்படும் தலைப்பில் 1907 இல் அச்சேறியது. சில பக்கங்களே கொண்ட இக்கட்டுரை பிற்காலத்தில் மருத்துவ வரலாற்றின் முக்கிய ஆவணங்களுள் ஒன்றாயிற்று.

நோய்க்குப் பெயரும் ஆல்சைமரின் ஐயமும்

1910 இல் வெளியான தம் உளநோய் மருத்துவப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் க்ரேப்பெலின் இந்நிலைக்கு ஆல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். அப்போது வெளியாகியிருந்த நோயாளிகளின் விவரங்கள் மிகச் சிலவே. இத்தாலிய மாணவரான கெய்டானோ பெருசினி, ஆல்சைமரின் வேண்டுகோளின்படி டெட்டர் உள்ளிட்ட நால்வரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தார்.

க்ரேப்பெலின் இவ்வளவு விரைவாகப் பெயரிட்டது ஏன் என்பது குறித்து வரலாற்றாய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. மனநோய்களுக்கு உடற்காரணம் உண்டு என்பதை வலியுறுத்துவது ஒரு நோக்கமாகக் கூறப்படுகிறது. பிராக் நகர ஆய்வுக்கூடத்தோடு இருந்த போட்டியும் காரணமாகக் காட்டப்படுகிறது. பிராகில் பணியாற்றிய ஓஸ்கர் ஃபிஷர், முதுமை மறதியால் இறந்த 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, அவர்களுள் 12 பேரிடம் இதே படிவுகளைக் கண்டு 1907 இல் வெளியிட்டிருந்தார். யூதரான ஃபிஷர் பின்னாளில் நாசிகளால் கைது செய்யப்பட்டு, 1942 இல் தெரேசின் முகாமில் இறந்தார். அவரது பணி பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்தது.

க்ரேப்பெலின் காட்டிய உறுதி ஆல்சைமரிடம் இல்லை. 1907 இல் மியூனிக் மருத்துவமனையில் சேர்ந்து 1910 இல் இறந்த யோஹான் எஃப் என்னும் கூலித்தொழிலாளியின் மூளையை ஆராய்ந்து, 1911 இல் விரிவான கட்டுரை ஒன்றை இவர் வெளியிட்டார். அம்மூளையில் படிவுகள் மிகுந்திருந்தன. இழைச் சிக்கல்கள் காணப்படவில்லை. எனவே இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கூற இயலாது. முதியோரின் மூளைகளிலும் இதே படிவுகள் இருந்தன. இவற்றைக் கொண்டு, இளவயதில் தோன்றும் இந்நோயை முதுமை மறதியிலிருந்து பிரிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், இது அதன் வழக்கத்திற்கு மாறான வடிவமாக இருக்கலாம் என்றும் ஆல்சைமர் எழுதினார்.

இவரது ஐயத்தைவிடப் பாடநூலின் வகைப்பாடே நிலைத்தது. ஆல்சைமர் நோய் என்பது 65 வயதிற்கு முன் வரும் அரிய நோய் எனப் பல பத்தாண்டுகள் கற்பிக்கப்பட்டது. அதே அறிகுறிகளோடு வந்த முதியவர்கள் வயதாகிவிட்டது என்ற சொல்லோடு திருப்பி அனுப்பப்பட்டனர். எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மையான நோயாளிகள் நோயின் பெயருக்கு வெளியே நின்றனர்.

மாணவர்களும் பிற பங்களிப்புகளும்

ஆல்சைமரிடம் பயின்ற பலர் பின்னாளில் புகழ் பெற்றனர். அவர்களுள் சிலர்:

சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் - லைபீரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கறுப்பின உளநோய் மருத்துவர். ஆல்சைமர் நோய் குறித்து ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய முன்னோடி.

ஃபிரெடரிக் லூயி - நடுக்குவாத நோயாளிகளின் மூளை அணுக்களில் உருண்டைப் படிவுகளை 1912 இல் விவரித்தவர். இவை இவர் பெயராலேயே லூயி உருண்டைகள் எனப்படுகின்றன.

ஹான்ஸ் கெர்ஹார்ட் கிராய்ட்ஸ்ஃபெல்ட், ஆல்ஃபோன்ஸ் யாக்கோப் - இருவர் பெயராலும் வழங்கும் அரிய மூளை நோயை விவரித்தவர்கள்.

உகோ செர்லெட்டி - மின்னதிர்ச்சிச் சிகிச்சையை 1938 இல் அறிமுகப்படுத்திய இத்தாலியர்.

நிக்கோலாஸ் அச்சூக்காரோ - எசுப்பானிய நரம்பியல் அறிஞர்.

பிக் நோய் எனப்படும் மற்றொரு மறதிநோயில், நரம்பணுக்களுக்குள் வெள்ளிச்சாயம் ஏற்கும் உருண்டைகள் தோன்றுவதையும் ஆல்சைமரே 1911 இல் விவரித்தார். நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களில் ஏற்படும் மாற்றங்களையும் ஆராய்ந்தார். ஈரல் கெடுவதால் அத்துணை அணுக்கள் அடையும் ஒரு மாற்றம் இன்றும் இவர் பெயரால் குறிக்கப்படுகிறது. 1910 இல் நரம்பியலுக்கும் உளநோய் மருத்துவத்திற்குமான ஆய்விதழ் ஒன்றை மாக்ஸ் லெவன்டோவ்ஸ்கியுடன் இணைந்து தொடங்கினார்.

பிரெஸ்லாவும் மறைவும்

1912 இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் ஆல்சைமரை உளநோய் மருத்துவப் பேராசிரியராகவும் மருத்துவமனை இயக்குநராகவும் நியமித்தது. இந்நகரம் இன்று போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் என வழங்கப்படுகிறது. முழுநிலைப் பேராசிரியர் பதவி இவருக்குக் கிட்டியது இதுவே முதல் முறை. பதவியேற்கச் செல்லும் தொடர்வண்டிப் பயணத்திலேயே இவர் நோயுற்றார். தொற்று ஒன்று இதயத்தையும் சிறுநீரகங்களையும் பாதித்தது. இவர் உடல்நலம் அதன்பின் முழுமையாகத் திரும்பவில்லை.

நோயோடும் பணியைத் தொடர்ந்த ஆல்சைமருக்கு முதல் உலகப் போர் கூடுதல் சுமையைத் தந்தது. 1915 இன் இறுதி மாதங்களில் படுக்கையில் வீழ்ந்த இவர், டிசம்பர் 19 அன்று காலமானார். அப்போது இவருக்கு வயது 51; அவுகுஸ்டே டெட்டர் மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது. இவரது உடல் பிராங்க்பர்ட் நகரின் முதன்மைக் கல்லறைத் தோட்டத்தில் மனைவி செசிலியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

முதுமை மறதியும் நோயே என அறியப்படல்

1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கேரி பிளெஸ்ட், பெர்னார்ட் டாம்லின்சன், மார்ட்டின் ராத் ஆகியோர் முதியோரின் மறதியை அவர்கள் வாழ்ந்த காலத்தில் மதிப்பெண்களாக அளந்து, இறந்தபின் அவர்களது மூளைகளை ஆராய்ந்தனர். மூளையில் படிவுகள் எவ்வளவு மிகுந்திருந்தனவோ அவ்வளவுக்கு மறதியும் கடுமையாக இருந்தது அவர்களது ஆய்வில் தெரிய வந்தது. 1976 இல் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் கட்ஸ்மன், இளவயதிலும் முதுமையிலும் தோன்றுவது ஒரே நோய் என வாதிட்டு ஆசிரியவுரை ஒன்றை எழுதினார். இவ்வாறு, 1911 இல் ஆல்சைமர் வெளியிட்ட ஐயம் 65 ஆண்டுகளுக்குப் பின் பொதுக்கருத்தாக மாறியது. ஆயினும் அதன் விளைவு வேறாக அமைந்தது. ஆல்சைமர் தாம் கண்ட நோயை முதுமை மறதிக்குள் அடக்க எண்ணினார். பின்வந்தோர் முதுமை மறதியின் பெரும்பகுதியை ஆல்சைமர் நோய்க்குள் அடக்கினர். அரிய நோயாக எண்ணப்பட்டது உலகின் பெரும் உடல்நலச் சிக்கல்களுள் ஒன்றாயிற்று.

1984 இல் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வாங் ஆகியோர் நோயாளிகளின் மூளை இரத்தக் குழாய்ப் படிவுகளில் உள்ள புரதத்தைப் பிரித்தெடுத்தனர். இது பீட்டா அமிலாய்டு எனப்படுகிறது. நரம்பணுவின் மேலுறையில் உள்ள பெரிய புரதம் ஒன்று வெட்டப்படும்போது உண்டாகும் இத்துண்டுகள், அகற்றப்படாமல் ஒட்டிச் சேர்ந்து படிகின்றன. இழைச் சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. அணுவினுள் பொருள்களைக் கொண்டு செல்லும் நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது டௌ. அது இயல்பு திரிந்து கழன்று விழும்போது போக்குவரத்து தடைப்பட்டு அணு மடிகிறது.

1991 இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைக்கோ பிராக், ஈவா பிராக் இணையர், இழைச் சிக்கல்கள் மூளையில் பரவும் வரிசையை விவரித்தனர். அவை புதிய நினைவுகளைப் பதியச் செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் வாயிலில் தொடங்கி, பின்னர் மொழி, கணிப்பு, இடவுணர்வு ஆகியவற்றிற்குரிய புறணிப் பகுதிகளுக்குப் பரவுகின்றன. பழைய நிகழ்ச்சிகளைக் கூறும் முதியவர் காலையில் உண்டதை மறப்பது இதனால்தான். இம்மாற்றங்கள் அறிகுறி தோன்றுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அதே வேளையில், படிவுகள் இருந்தும் மறதியின்றி வாழ்ந்து இறந்த முதியோரும் உள்ளனர். பல முதியோரிடம் ஆல்சைமர் நோயும் இரத்தக் குழாய்ச் சிதைவும் சேர்ந்தே காணப்படுகின்றன.

அமிலாய்டைப் பிணைத்து அகற்றும் எதிர்ப்பொருள் மருந்துகளான லெக்கானெமாப் 2023 இலும் டோனானெமாப் 2024 இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. இவை தொடக்கநிலை நோயாளிகளிடம் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன; இழந்த நினைவை மீட்பதில்லை. மூளை வீக்கம், இரத்தக்கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் இவற்றிற்கு உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கின்படி 2021 இல் உலகில் 5.7 கோடிப் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு ஆல்சைமர் நோய் காரணமாக இருக்கலாம்.

மீண்டும் கிடைத்த ஆவணங்கள்

நெடுங்காலம் காணாமற்போயிருந்த அவுகுஸ்டே டெட்டரின் மருத்துவக் கோப்பை 1995 டிசம்பரில் கொன்ராட் மௌரரும் அவரது குழுவினரும் பிராங்க்பர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தனர். நீல அட்டையிட்ட அக்கோப்பில் ஆல்சைமரின் கையெழுத்துக் குறிப்புகளும், டெட்டரின் ஒளிப்படங்களும், தம் பெயரை எழுத அவர் முயன்ற தாளும் இருந்தன. மியூனிக்கில் மானுவேல் கிரேபர் குழுவினர் யோஹான் எஃப், டெட்டர் ஆகியோரின் மூளைச் சீவல்களைக் கண்டெடுத்தனர். மறு ஆய்வில், ஆல்சைமர் விவரித்தவாறே டெட்டரின் சீவல்களில் படிவுகளும் சிக்கல்களும் காணப்பட்டன. டெட்டருக்கு மரபணுப் பிறழ்வு இருந்ததாக 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வால் அதை உறுதிப்படுத்த இயலவில்லை.

நினைவு

மார்க்ட்பிரைட்டில் ஆல்சைமர் பிறந்த வீடு 1995 முதல் நினைவு இல்லமாக உள்ளது. பிராங்க்பர்டில் இவர் பணியாற்றிய மருத்துவமனைக் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. அவ்விடம் இன்று பிராங்க்பர்ட் பல்கலைக்கழக வளாகத்தின் பகுதியாகும். ஆண்டுதோறும் செப்டம்பர் 21 உலக ஆல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மறதியால் தன்னை இழந்த ஒரு பெண்ணின் சொற்களை எழுதிவைத்த மருத்துவரின் பெயர், இன்று முதியோர் உள்ள இல்லங்களில் அறியப்பட்ட பெயராகியுள்ளது. அப்பெண்ணின் பெயரும் அவரது கோப்பு கிடைத்தபின் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.